எட்டில் ஏழு: பாஸ்டன் இளம்பெண்களிடம் கண்ட ஓர் அரிய புற்றுநோய், 1966–1971

புற்றுநோய் யாருக்கு, ஏன் வருகிறது என்று ஆராயும் புற்றுநோய்ப் பரவலியலைக் கற்பிக்கும்போது நான் முதலில் எடுத்துக்கொள்ளும் நிகழ்வு இது: தாய் கர்ப்பகாலத்தில் எடுத்த மாத்திரை, மகளுக்கு இளம்வயதில் யோனிப் புற்றுநோயை உண்டாக்கியது. எட்டே நோயாளிகளை வைத்து ஒரு காரணத்தை எப்படி அடையாளம் காண முடிந்தது என்பதும், அந்த எட்டுப் பேரை மட்டும் பார்த்திருந்தால் முடிவு எவ்வளவு எளிதாகத் தவறியிருக்கும் என்பதும் இதில் சேர்ந்தே கிடைக்கின்றன. நோயாளிகளும் அவர்களுடைய தாய்மார்களும் இங்கே பெயரின்றியே இடம்பெறுகிறார்கள். ஆய்வாளர்களின் பெயர்கள் பொதுப் பதிவில் உள்ளவை.

பின்னணி

1938ஆம் ஆண்டு லண்டனில் சார்லஸ் டாட்ஸ் குழுவினர் டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனை, அதாவது பெண்பால் ஹார்மோனைப் போலச் செயல்படும் மருந்தை, உருவாக்கினார்கள். சுருக்கமாக டி.இ.எஸ். எனப்படும் இந்த மருந்துக்குக் காப்புரிமை கோரப்படவில்லை. மலிவாகத் தயாரிக்கவும் மாத்திரையாக விழுங்கவும் முடிந்ததால், பல நிறுவனங்கள் இதைத் தயாரித்து விற்றன. கர்ப்பகால ஹார்மோன் குறைபாடே கருச்சிதைவுக்குக் காரணம் என்றும், அதை டி.இ.எஸ். கொண்டு சரிசெய்யலாம் என்றும் பாஸ்டனில் ஜார்ஜ் ஸ்மித், ஆலிவ் ஸ்மித் தம்பதியர் வாதிட்டனர். 1947இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் கர்ப்பிணிகளுக்கு இதைக் கொடுக்க அனுமதி வழங்கியது.

ஸ்மித் தம்பதியர் பரிந்துரைத்த அளவுமுறை ஏழாம் வாரத்தில் நாளொன்றுக்கு 5 மில்லிகிராமில் தொடங்கிப் படிப்படியாகக் கூடி 35ஆம் வாரத்தில் 125 மில்லிகிராமை எட்டியது. ஆனால் மருந்து எடுத்துக்கொண்டவர்களோடு, அதே காலத்தில் அதே நிலையில் இருந்தும் எடுத்துக்கொள்ளாத பெண்களை முறையாக ஒப்பிடாமலேயே இந்தச் சிகிச்சை பரவியது. அந்த ஒப்பீட்டைச் செய்தவர் சிகாகோவின் வில்லியம் டீக்மன். சுமார் 1,600 கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு டி.இ.எஸ்., மற்றவர்களுக்கு அதே தோற்றமுள்ள போலி மாத்திரை என்று கொடுத்து, 1953இல் முடிவை வெளியிட்டார். கருச்சிதைவோ குறைப்பிரசவமோ குறையவில்லை. இருந்தும் மருத்துவர்கள் மேலும் பதினெட்டு ஆண்டுகள் இந்த மருந்தை எழுதித் தந்துகொண்டிருந்தார்கள். இந்த நிகழ்வில் என்னை மிகவும் வருத்துவது இதுதான். பயன் இல்லை என்று தெரிந்த பிறகும் ஒரு மருந்து தொடர்ந்ததற்கு, அதனால் தீங்கேதும் இருக்க முடியாது என்ற சோதிக்கப்படாத நம்பிக்கையே துணை நின்றது.

கவனத்துக்கு வந்தது

1966க்கும் 1969க்கும் இடையில், பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த வின்சென்ட் நினைவு மகளிர் மருத்துவமனைக்கு, 15 முதல் 22 வயதுக்குட்பட்ட ஏழு பெண்கள் யோனியில் அடினோகார்சினோமா வகைப் புற்றுநோயுடன் (சுரப்பிச் செல்களில் தோன்றுவது) வந்தார்கள். எட்டாமவர் 20 வயதுப் பெண். அவர் 1969இல் அதே நகரின் வேறொரு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர். முதல் அறிகுறி பெரும்பாலும் ஒழுங்கற்ற இரத்தப்போக்கு. பருவமடைந்து சில ஆண்டுகளே ஆன பெண்ணுக்கு மாதவிடாய் ஒழுங்கின்றி வருவது வழக்கம்தான் என்பதால், புற்றுநோய் இருக்கக்கூடும் என்று உடனே தோன்றுவதற்கான காரணம் எதுவும் மருத்துவர்களுக்கு இருக்கவில்லை.

எட்டு என்ற எண்ணிக்கை ஏன் உறுத்தியது என்பதைப் புரிந்துகொள்ள, எதிர்பார்க்கத்தக்க அளவு எவ்வளவு என்று கேட்க வேண்டும். யோனிப் புற்றுநோயே அரிதானது. வருவோரில் பெரும்பாலோர் ஐம்பதைக் கடந்தவர்கள், அவர்களுக்கு வருவதும் பெரும்பாலும் மேற்பரப்பின் தட்டையான செல்களில் தோன்றும் செதிள்செல் வகை. இளம்பெண்களிடம் அடினோகார்சினோமா அதற்குமுன் மருத்துவ இலக்கியத்தில் மிக அபூர்வமாகவே பதிவாகியிருந்தது. எதிர்பார்ப்பு ஏறத்தாழப் பூஜ்யமாக இருக்கும் இடத்தில் மூன்றாண்டுகளில் ஒரே நகரில் எட்டுப் பேர் என்பது, வேறொரு புற்றுநோயில் எண்ணூறு பேர் கூடுதலாக வருவதைவிடத் தெளிவான சைகை. மார்பகப் புற்றுநோயில் எட்டுப் பேர் கூடுதலாக வந்திருந்தால் ஒருவர்கூடக் கவனித்திருக்க மாட்டார்.

ஒரு தெருவிலோ அலுவலகத்திலோ நாலைந்து பேருக்குப் புற்றுநோய் வந்தால், உடனே பொதுவான காரணம் ஒன்றைத் தேடுகிறோம். அப்படிப்பட்ட திரள்களில் பெரும்பாலானவை தற்செயலாகவே முடிகின்றன. வெவ்வேறு உறுப்புகளில், வெவ்வேறு வயதில் வரும் புற்றுநோய்கள் ஒரே பெயரில் அழைக்கப்படுவதாலேயே ஒன்றாகத் தோன்றுகின்றன. பாஸ்டன் திரள் அப்படிப்பட்டதாக இல்லை. உறுப்பு ஒன்று. திசுவின் தன்மை ஏறத்தாழ ஒன்று, பெரும்பாலானவை தெளிசெல் வகை, அதாவது நுண்ணோக்கியில் உட்பகுதி வெளிறித் தெரியும் செல்களைக் கொண்ட அடினோகார்சினோமா. வயது வழக்கத்துக்கு முற்றிலும் மாறானது. எண்மரும் 1946க்கும் 1951க்கும் இடையில் நியூ இங்கிலாந்துப் பகுதி மருத்துவமனைகளில் பிறந்தவர்கள். இந்தக் குறுகிய பிறப்பாண்டு வரம்பே ஆய்வாளர்களின் பார்வையை நோய் தோன்றிய ஆண்டுகளிலிருந்து பிறந்த ஆண்டுகளுக்குத் திருப்பியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒரு தாயின் கேள்வி

கருதுகோள் முதலில் வந்தது மருத்துவரிடமிருந்து அன்று. நோயாளிகளில் ஒருவரின் தாய், தான் கர்ப்பமாக இருந்தபோது எடுத்துக்கொண்ட ஸ்டில்பெஸ்ட்ரால் (டி.இ.எஸ்.) மாத்திரைக்கும் மகளின் நோய்க்கும் தொடர்பு இருக்குமா என்று மருத்துவர் ஹோவர்ட் உல்ஃபெல்டரிடம் கேட்டார். அவர் அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் தாய் விழுங்கிய மாத்திரை, அன்று கருவில் இருந்த மகளுக்குப் பதின்பருவத்தில் புற்றுநோயை உண்டாக்கும் என்று எண்ண அன்றைய மருத்துவ அறிவில் இடமே இருக்கவில்லை. ஆனால் பிற தாய்மார்களிடமும் அதே கேள்வியைக் கேட்டபோது அதே பதில் வரத் தொடங்கியது.

அந்தத் தாய் கேட்டதை நான் பல முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். மகளுக்காகத் தான் எடுத்துக்கொண்ட ஒன்றே மகளைத் தாக்கியிருக்குமோ என்பது, எந்தத் தாய்க்கும் வாய்விட்டுக் கேட்க எளிதான கேள்வி அன்று.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஆர்தர் ஹெர்ப்ஸ்ட், உல்ஃபெல்டர், டேவிட் போஸ்கான்சர் ஆகிய மூவரும் நோயுற்றோரையும் நோயற்றோரையும் ஒப்பிட்டுப் பின்னோக்கிப் பார்க்கும் ஆய்வைத் தேர்ந்தெடுத்தனர். கேஸ்-கண்ட்ரோல் ஆய்வு என்று நாம் வழக்கமாகச் சொல்வது இதைத்தான். மாற்று வழி, மருந்து எடுத்த தாய்மார்களின் மகள்களைத் திரட்டி முன்னோக்கித் தொடர்வது. கோஹார்ட் ஆய்வு எனப்படும் அந்த வழி காரணத்திலிருந்து விளைவுக்குச் செல்வதால் பொதுவாக வலுவானது. ஆனால் டி.இ.எஸ்.ஸுக்கு ஆட்பட்ட மகள்களில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கே இந்தப் புற்றுநோய் வருகிறது என்று பின்னாளில் தெரிந்தது. அப்படியானால் ஆயிரம் பெண் குழந்தைகளை இருபது ஆண்டுகள் தொடர்ந்திருந்தாலும் ஒரே ஒரு நோயாளி கிடைத்திருப்பார், அல்லது ஒருவரும் கிடைத்திருக்க மாட்டார். நோய் அரிது, காத்திருக்கும் காலம் நீண்டது என்றால், நோயிலிருந்து பின்னோக்கிச் செல்வதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

அடுத்த முடிவு, யாரோடு ஒப்பிடுவது என்பது. ஆய்வின் தரத்தைத் தீர்மானித்தது இதுவே. ஒவ்வொரு நோயாளிக்கும் நான்கு ஒப்பீட்டாளர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அந்த நோயாளி பிறந்த மருத்துவமனையின் பிறப்புப் பதிவேட்டைத் திறந்து, அவர் பிறந்த நாளுக்கு ஐந்து நாள்களுக்குள், அதே வகைப் பிரிவில், அதாவது பொதுப் பிரிவானால் பொதுப் பிரிவிலும் தனியார் பிரிவானால் தனியார் பிரிவிலும் பிறந்த பெண் குழந்தைகளில் நெருக்கமானவர்களை எடுத்தார்கள். சிகிச்சை அளித்த மருத்துவமனையில் வேறு நோய்க்காக வந்த இளம்பெண்களை எடுத்திருந்தால் வேலை எளிதாக முடிந்திருக்கும், ஆனால் ஒப்பீடு கோணியிருக்கும். கேள்வி கர்ப்பகாலத்தைப் பற்றியது. அப்போது எந்த மருத்துவமனையில், எந்த ஆண்டில், எந்தப் பொருளாதார நிலையில் ஒரு பெண் பிரசவித்தார் என்பதைப் பொறுத்தே அவருக்கு அந்த மாத்திரை எழுதித் தரப்பட்டதா என்பது அமைந்தது. அந்த மூன்றையும் சமப்படுத்திய பிறகு எஞ்சும் வேறுபாட்டுக்கே பொருள் உண்டு.

இப்படி இணைசேர்ப்பதற்கு ஒரு விலையும் உண்டு. எதைச் சமப்படுத்துகிறோமோ அதன் விளைவை அதே ஆய்வில் அளக்க முடியாது. வசதியின் பங்கு என்ன என்று இந்த ஆய்விடம் கேட்க இயலாது. அந்த விலை இங்கே ஏற்கத்தக்கதே.

எட்டுத் தாய்மார்களையும் ஒப்பீட்டுத் தரப்பின் 32 தாய்மார்களையும், பயிற்சி பெற்ற நேர்காணலாளர் ஒரே வினாத்தாளைக் கொண்டு சந்தித்தார். டி.இ.எஸ். பற்றி மட்டும் கேட்கவில்லை. புகைப்பழக்கம், கர்ப்பகால எக்ஸ்ரே, இரத்தப்போக்கு, முந்தைய கர்ப்ப இழப்பு, தாய்ப்பாலூட்டல் எனப் பலவும் கேட்கப்பட்டன.

கண்டவை

நோயுற்றோரின் எட்டுத் தாய்மார்களில் ஏழு பேர் அந்தக் கர்ப்பத்தின்போது டி.இ.எஸ். எடுத்திருந்தார்கள். எழுவரும் முதல் மூன்று மாதங்களுக்குள் தொடங்கியிருந்தார்கள். அதே எட்டுப் பேரில் புகைப்பழக்கம் உள்ளவர்களும் ஏழு பேர்.

இந்த இரண்டு ஏழுகளையும் வாசகர் சற்று அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். நோயாளிகளின் பக்கம் மட்டும் தெரிந்த ஒருவருக்கு மருந்தும் புகையும் சம அளவில் குற்றவாளிகள். சொல்லப்போனால், புகையின் தீமை 1964இல் அமெரிக்கத் தலைமை அறுவை மருத்துவரின் அறிக்கைக்குப் பிறகு எல்லோர் வாயிலும் இருந்ததால், ஐயம் அதன்மேல்தான் முதலில் விழுந்திருக்கும். இரண்டையும் பிரித்துக் காட்டியது மறுபக்கம். ஒப்பீட்டுத் தாய்மார்கள் 32 பேரில் புகைத்தவர்கள் 21 பேர். டி.இ.எஸ். எடுத்தவர் ஒருவர்கூட இல்லை.

இதைத் தாளில் போட்டுப் பார்க்கலாம். மருந்துக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது மருந்தெடுத்த ஏழு தாய்மார்களும் நாற்பது பேரில் எங்கு வேண்டுமானாலும் சிதறியிருக்கலாம். நாற்பது பேரிலிருந்து எழுவரைத் தேர்ந்தெடுக்க 1,86,43,560 வழிகள் உண்டு. எழுவரும் நோயாளிகளின் தாய்மார்களான அந்த எண்மருக்குள்ளேயே அடங்கும் வழிகள் வெறும் எட்டு. ஆக, இணைசேர்ப்பைக் கணக்கில் எடுக்காமல் எளிமையாகப் பார்த்தால், தற்செயலாக இப்படி அமையும் வாய்ப்பு சுமார் 23 லட்சத்து 30 ஆயிரத்தில் ஒன்று. புகைக்கு இதே கணக்கைப் போட்டால், எட்டில் ஏழோ அதற்கு மேலோ தற்செயலாகவே வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 22. நாற்பது பேரில் 28 பேர் புகைக்கும் கூட்டத்தில் எந்த எட்டுப் பேரை எடுத்தாலும் அதில் பெரும்பாலோர் புகைப்பவர்களாகத்தான் இருப்பார்கள்.

தொடர்பின் வலிமையை ஒரே எண்ணால் சொல்ல இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. அதற்கு வழக்கமாகப் பயன்படுவது ஆட்ஸ் விகிதம்: மருந்தெடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் உள்ள விகிதம், ஒப்பீட்டுத் தரப்பைவிட நோயுற்றோர் தரப்பில் எத்தனை மடங்கு என்பது. இங்கே அது 7ஐ 32ஆல் பெருக்கி, 1ஐ 0ஆல் பெருக்கி, முன்னதைப் பின்னதால் வகுப்பது. பூஜ்யத்தால் வகுக்க இயலாது. இந்த நான்கு எண்களில் ஒவ்வொன்றோடும் அரையைக் கூட்டும் வழக்கமான திருத்தத்தைச் செய்தால் 325 வருகிறது. அந்த 325ஐத் துல்லியமான அளவாக நம்பக் கூடாது. நாற்பது பேரை வைத்து எடுத்த எண்ணுக்கு மிக அகன்ற நிச்சயமின்மை உண்டு. தொடர்பு மிக வலுவானது என்பதே அது சொல்லும் செய்தி.

மாற்று விளக்கங்கள்

முதல் ஐயம் நினைவைப் பற்றியது. நோயுற்ற மகளின் தாய் தன் கர்ப்பகாலத்தை மனத்துக்குள் ஆயிரம் முறை புரட்டிப் பார்த்திருப்பார். நலமுள்ள மகளின் தாய்க்கு இருபது ஆண்டுகளுக்கு முந்தைய மாத்திரை ஏன் நினைவிருக்க வேண்டும்? இந்த நினைவுச் சார்பு உண்மையான ஆபத்து. ஆனால் அது மட்டுமே காரணமாக இருந்தால், கேட்கப்பட்ட எல்லாவற்றிலுமே நோயாளிகளின் தாய்மார்கள் கூடுதலாகச் சொல்லியிருப்பார்கள். கர்ப்பகால எக்ஸ்ரே நோயுற்றோர் தரப்பில் எட்டில் ஒன்று, ஒப்பீட்டுத் தரப்பில் 32இல் நான்கு. இரண்டும் ஒரே விகிதம். கதிர்வீச்சு எவரும் எளிதில் குற்றம் சாட்டக்கூடிய ஒன்றாக இருந்தும் அதில் வேறுபாடு இல்லை என்பது எனக்கு நம்பிக்கை தரும் விவரம்.

இரண்டாவது ஐயம் இன்னும் கூர்மையானது. நோயாளிகளின் தாய்மார்களில் ஆறு பேருக்கு முன்பே கர்ப்ப இழப்பு நேர்ந்திருந்தது. ஒப்பீட்டுத் தரப்பில் ஐந்து பேருக்கு. அந்தக் கர்ப்பத்தில் இரத்தப்போக்கு இருந்தது முறையே மூவருக்கும் ஒருவருக்கும். மருந்து தரப்பட்டதே இந்தக் காரணங்களுக்காகத்தான். அப்படியானால் கர்ப்பத்தைத் தடுமாறச் செய்த ஏதோ ஓர் உள்கோளாறே புற்றுநோயையும் உண்டாக்கி, மருந்து வெறுமனே உடனிருந்திருக்கலாம் அல்லவா? குழப்பக் காரணி என்று பாடத்தில் படிப்பதன் மிகக் கடினமான வடிவம் இது. சிகிச்சைக்கான காரணமும் சிகிச்சையும் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொள்கின்றன. நாற்பது பேரை வைத்து இதை முழுமையாகத் தீர்க்க முடியாது. விடைக்கு உதவியது பழைய சிகாகோ ஆய்வு. அதில் யாருக்கு மருந்து, யாருக்குப் போலி மாத்திரை என்பது கர்ப்பத்தின் நிலையைப் பொறுத்து முடிவாகவில்லை. அந்தத் தாய்மார்களின் பிள்ளைகள் 1970களில் தேடிப் பரிசோதிக்கப்பட்டபோது, மருந்துக்கு ஆட்பட்ட மகள்களின் யோனித் திசுவில் புற்றல்லாத, ஆனால் இயல்புக்கு மாறான மாற்றங்கள் மிகுதியாகக் காணப்பட்டன. மகன்களிடமும் சில மாற்றங்கள் தெரிந்தன. பயனைச் சோதிக்கத் தொடங்கிய ஆய்வு கால் நூற்றாண்டு கழித்துத் தீங்குக்குச் சாட்சியானது.

தொடர்ந்து நடந்தவை

பாஸ்டன் ஆய்வு 1971 ஏப்ரலில் வெளியானது. நியூயார்க் மாநிலத்தில் பீட்டர் கிரீன்வால்ட் குழுவினர் தங்கள் மாநிலப் புற்றுநோய்ப் பதிவேட்டைத் தேடி, இதே வகை நோயுள்ள ஐந்து பெண்களைக் கண்டறிந்தனர். ஐவரின் தாய்மார்களும் கர்ப்பகாலத்தில் செயற்கை ஈஸ்ட்ரோஜன் எடுத்திருந்தார்கள், ஒப்பீட்டுத் தரப்பில் ஒருவரும் எடுக்கவில்லை. இது அதே ஆண்டு ஆகஸ்டில் வெளியானது. வேறு இடம், வேறு ஆய்வாளர், வேறு வழியில் திரட்டிய நோயாளிகள், ஆனால் அதே விடை. பதிவேடு என்ற ஒன்று முன்பே இருந்ததால்தான் இந்த உறுதிப்பாடு இவ்வளவு விரைவில் கிடைத்தது. 1971 நவம்பரில் உணவு மற்றும் மருந்து நிர்வாகம், கர்ப்பிணிகளுக்கு டி.இ.எஸ். தரக் கூடாது என்று மருத்துவர்களுக்கு அறிவித்தது. ஐரோப்பாவின் சில நாடுகளில் அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் பயன்பாடு நீடித்தது.

ஹெர்ப்ஸ்ட் தொடங்கிய தெளிசெல் புற்றுநோய்க்கான தனிப் பதிவேட்டில் பின்னர் பல நூறு பேர் சேர்ந்தனர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரே கருவில் டி.இ.எஸ்.ஸுக்கு ஆட்பட்டவர்கள். முதல் எண்மரிலும் ஒரு தாய் மருந்து எடுக்கவில்லை. ஆகவே இந்த நோய் வர டி.இ.எஸ். இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. ஆட்பட்டவர்களில் ஆயிரத்தில் ஏறத்தாழ 999 பேருக்கு வராததால், அது மட்டும் போதும் என்பதும் இல்லை. ஆயினும் அது காரணமே. புகைக்கும் எல்லோருக்கும் நுரையீரல் புற்றுநோய் வருவதில்லை என்பதைப் புகைக்கு ஆதரவாகச் சொல்வோருக்கு இந்த நிகழ்வை எடுத்துக் காட்டலாம்.

அபாயத்தை எடுத்துச் சொன்ன விதம்

மருந்தெடுத்த தாய்மார்களும் அவர்களுடைய பிள்ளைகளும் அமெரிக்காவில் மட்டும் 50 லட்சம் முதல் ஒரு கோடி வரை இருப்பர் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. ஆட்படாத பெண்களோடு ஒப்பிடும்போது மகள்களுக்கு இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் நாற்பது மடங்கு என்று பின்னாளைய தொடர் ஆய்வு சொல்கிறது. ஆயிரத்தில் ஒருவர் என்பதும் அதே உண்மைதான். பதினெட்டு வயது மகளோடு வரும் தாயிடம் முதல் எண்ணை மட்டும் சொன்னால் அவர் உறக்கத்தை இழப்பார், இரண்டாவதை மட்டும் சொன்னால் பரிசோதனைக்கு வராமல் போகலாம். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. 2011இல் வெளியான நீண்டகாலத் தொடர் ஆய்வில், 45 வயதுக்குள் குழந்தையின்மையைச் சந்தித்தவர்கள் ஆட்பட்ட மகள்களில் 33.3 விழுக்காடு, ஆட்படாதவர்களில் 15.5 விழுக்காடு. குறைப்பிரசவம் முறையே 53.3, 17.8 விழுக்காடு. விகிதமாகப் பார்த்தால் இவை இரண்டு மூன்று மடங்குதான், நாற்பது மடங்கின் பக்கத்தில் சிறியவை. ஆனால் ஆயிரம் பெண்களை எடுத்துக்கொண்டால், மருந்தால் புற்றுநோய் வந்தவர் ஒருவர், கூடுதலாகக் குழந்தையின்மையால் வருந்தியவர் ஏறத்தாழ 178 பேர். அரிய நோயே மருந்தைக் காட்டிக்கொடுத்தது. பெருந்துன்பமோ பொதுவான நிலைகளுக்குள் மறைந்து கிடந்தது. எங்கும் காணக்கூடிய ஒன்று இரட்டிப்பானால், ஒரு மருத்துவரின் அறையிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரிவதில்லை.

மாற்றியிருக்க வேண்டியவை

ஒப்பீடு மருந்துக்கு முன்னால் வந்திருக்க வேண்டும். 1953இன் முடிவு வந்த அன்றே பயன்பாடு நின்றிருந்தால், அதன் பிறகு ஆட்பட்ட அத்தனை பேரும் தப்பியிருப்பார்கள். 1978இல் அதே சிகாகோ ஆய்வின் தரவுகளை மீண்டும் ஆராய்ந்தபோது, மருந்து கருச்சிதைவையும் குறைப்பிரசவத்தையும் கூட்டியிருந்தது தெரியவந்தது. பயன் உண்டா என்று மட்டும் கேட்டு, தீங்கு உண்டா என்று அதே தரவிடம் கேட்காமல் விட்டதன் இழப்பு இது.

மருந்துச் சீட்டுகளும் பிரசவக் குறிப்புகளும் காக்கப்பட்டிருக்க வேண்டும். எச்சரிக்கை வந்தபோது பல பெண்களால் தாங்கள் எடுத்தது டி.இ.எஸ்.தானா என்று உறுதிசெய்ய முடியவில்லை. எழுதித் தந்த மருத்துவர் ஓய்வு பெற்றிருந்தார் அல்லது இறந்திருந்தார், ஏடுகள் அழிக்கப்பட்டிருந்தன. கர்ப்பகாலத்தில் தரப்படும் எந்த மருந்துக்கும், பிறக்கும் குழந்தை வளர்ந்து ஆளாகும் வரையேனும் பதிவைக் காப்பது அவசியம் என்று கருதுகிறேன். இருபது ஆண்டு மறைகாலம் உள்ள நோய்க்கு ஏழு ஆண்டு காக்கும் ஏடு உதவாது.

நோயாளிகள் தரப்பு சொல்வதைக் கேட்டு எழுதிவைக்கும் வழக்கமும் வேண்டும். அந்தத் தாயின் கேள்வி நேர்காணல் குறிப்பில் ஒரு வரியாக முதல் நாளே ஏறியிருந்தால், அடுத்த தாயிடம் அதைக் கேட்க இவ்வளவு காலம் ஆகியிருக்காது. அதே சமயம், அந்த வரியை மட்டும் நம்பி அறிக்கை எழுதியிருந்தால், புகைத்த ஏழு தாய்மார்களைப் பற்றியும் அதே அறிக்கையை எழுத நேர்ந்திருக்கும்.

கருவில் ஆட்பட்ட மகள்கள் இப்போது ஐம்பது வயதையும் அதற்கு மேலும் எட்டியிருக்கிறார்கள். கருப்பைவாயோடு யோனிச் சுவர்களிலிருந்தும் செல் எடுத்துச் சோதிக்கும் தனிப் பரிசோதனையும், மார்பகப் பரிசோதனையும் அவர்களுக்கு இன்றும் பரிந்துரைக்கப்படுகின்றன. அவர்களைத் தொடரும் ஆய்வுகள் அவர்களின் பிள்ளைகளையும் இப்போது சேர்த்துக்கொண்டிருக்கின்றன.